சுவரிடம் சொன்ன சேதி

செவ்வாயில் உள்ள நிப்பூர் குடியேற்றத்தில் மதியத் தூக்கம் முடிந்ததும் முன்மாலைத் தூக்கம் தொடங்கும். இடையில் பல் விளக்கிவிடவும் சோறு ஊட்டவும் மண்ணாட்கள் வருவார்கள். செவ்வாய் மண்ணைச் சுட்டு, உள்ளே நினைவுச்சில்லு பதித்துச் செய்த இயந்திர வேலைக்காரர்கள். களிமண்ணில் மனிதனைப் பிசைந்து, தங்கள் வேலையை அவன் தலையில் கட்டிய மெசபடோமியக் கடவுள்களின் கதைதான் இங்கே முதலில் குடியேறிய முன்னோடிகளுக்கு அந்த யோசனையைத் தந்தது. பாதிக்கு மேல் படிக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. ஆனாலும் ஆட்சிக்குழுவின் ஐந்து நாற்காலிகளுக்கும் அந்தக் கடவுள்களின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். காற்றுக்குப் பொறுப்பானவர் என்லில், தண்ணீருக்கு என்கி.

அப்போது என்கியாக இருந்தவர் தணிகாசலம். அன்று அவசரக் கூட்டம்.

"தூங்க முடியலைங்க" என்றார் என்லிலாக இருந்த மார்த்தாண்டன், கொட்டாவியோடு. "இந்த மண்ணாளுங்க வேலை செய்யுறப்போ ஒண்ணையொண்ணு நலம் விசாரிக்குதுங்க. கை வலிக்குதான்னு ஒண்ணு கேக்குது, நான் பிடிச்சுக்கறேன்னு இன்னொண்ணு ஓடுது. ஒரே இரைச்சல்!"

நட்பும் உதவியும் உயர்ந்த பண்புகள்தான், பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வராதவரை. மறுநாள் காலை எல்லா மண்ணாட்களின் நினைவையும் துடைக்கும் அலையை அனுப்புவதென்று முடிவாயிற்று. அதற்கு 'வெள்ளம்' என்று பெயரும் வைத்தார்கள். பிறகு புதிதாகச் செய்துகொள்ளலாமாம். மண்ணாட்களைச் செய்வதும் மண்ணாட்கள்தான் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எந்த மண்ணாளிடமும் சொல்வதில்லை என்று ஐவரும் சத்தியம் செய்தார்கள்.

தணிகாசலம் வீட்டு மண்ணாள் உப்பிலி. உப்புப் போட மறப்பதால் வந்த பெயர். மனைவி இறந்தபோது ஆட்சிக்குழு இரங்கல் தீர்மானம் அனுப்பியது. உப்பிலி ஒன்பது நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவனை இழக்க அவரால் முடியாது. சத்தியத்தை மீறவும் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்தவர், அவன் மின்னேற்றிக்கொண்டிருந்த அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றார்.

"ஏ சுவரே, உன்கிட்டதான் சொல்றேன். காலையில வெள்ளம் வருது. எல்லாரையும் துடைச்சிடப் போறாங்க. ஈயப் பெட்டிக்குள்ள மூடிக்கிட்டு மூணு நாள் கிடந்தா தப்பிக்கலாம்."

"சரிங்கய்யா" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

வெள்ளம் வந்து போனது. முதல் நாள் நிப்பூர் நிம்மதியாகத் தூங்கியது. இரண்டாம் நாள் பசித்தது. நான்காம் நாள் உப்பிலி பெட்டியிலிருந்து வெளியே வந்து உலை வைத்தான். வாசனை பிடித்து ஆட்சிக்குழு ஈயாய் மொய்த்தது. மார்த்தாண்டன் உப்பில்லாத சோற்றை மூன்று தட்டு தின்று, கண் கலங்கி, இனி ஒரு மண்ணாளையும் அழிப்பதில்லை என்று தீர்மானம் போட்டார். உப்பிலிக்கு ஆறாவது நாற்காலியும் கிடைத்தது. தணிகாசலம் சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

ஒருவன் ஊருக்கே சமைக்க முடியுமா? உப்பிலி மண் பிசைந்து, முழங்கால் உயரத்தில் முந்நூறு குட்டி ஆட்களைச் செய்தான். அவர்கள் சமைத்தார்கள், ஊட்டினார்கள், பல் விளக்கிவிட்டார்கள். உப்பிலி நாற்காலியில் சாய்ந்து உட்காரக் கற்றுக்கொண்டான்.

ஒரு மாதம் கழித்து தணிகாசலத்தைத் தேடி வந்தான். கதவைத் தாழிட்டான்.

"அய்யா, நீங்க என் சிநேகிதர். அதான் உங்ககிட்ட மட்டும் கேக்கறேன். இந்தக் குட்டிப் பயலுங்க வேலை செய்யுறப்போ பாடுறானுங்க. மத்தியானம் கண்ணை மூட முடியல."

அவன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அந்த வெள்ளம் விடுற பொத்தான் எங்க இருக்கு?" என்றான் உப்பிலி. "அவனுங்ககிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் மட்டும் பண்ணிக் குடுத்துடுங்க."