கல்பாலத்தில் அணையும் விளக்கு

பட்டறைக்குள் அந்த விளக்கு ஒழுங்காக எரிந்தது. அதுதான் அருளப்பனுக்குப் பிடிக்கவில்லை.

பழுது என்று வந்த வண்டி பட்டறையில் நல்ல பிள்ளையாக நின்றால் அதைவிடப் பெரிய வம்பு எந்த மெக்கானிக்குக்கும் கிடையாது. தோல் வியாபாரி சனாவுல்லாவின் மோட்டார் சைக்கிள் மூன்று நாளாக அப்படித்தான் நின்றது. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழ அளவில் மஞ்சள் விளக்கு. சுவிட்சைத் தள்ளினால், எந்தப் பக்கம் திரும்பப் போகிறோமோ அந்தப் பக்கத்து விளக்கு மின்னும். அறுபத்து மூன்றாம் வருஷத்துத் திண்டுக்கல்லில் எல்லோரும் கையை நீட்டித்தான் திரும்பினார்கள். இப்படி விளக்கு வைத்த இரண்டு சக்கர வண்டியை அருளப்பன் வேறெங்கும் பார்த்ததில்லை.

பல்பை மாற்றினான். துருவைச் சுரண்டினான். ஒயரைப் புதிதாக இழுத்தான். வலது விளக்கு அவனைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"இங்க எரியும்ணே. ரோட்டுலயும் எரியும்," என்றார் சனாவுல்லா. "தாடிக்கொம்பு ரோட்டுல, நம்ம தோல் அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குத் திரும்புற கல்பாலம் இருக்குல்ல, அங்க மட்டும் அணைஞ்சிரும். பாலம் தாண்டுனா மறுபடி எரியும்."

"பாலத்துல பள்ளம் இருக்கும் பாய். வண்டி குலுங்கும். ஒயரு எங்கயோ விட்டு விட்டுப் பிடிக்குது, அம்புட்டுத்தான்."

சனாவுல்லா டீ கிளாஸை இடது கையால் எடுத்தார். ஒரு பாக்கைக்கூட வலது கையால் வாங்குகிற மனுஷன். அருளப்பன் அப்போதுதான் கவனித்தான். அவருடைய வலது கை மடியில் விரிந்தபடியே கிடந்தது. ஐந்து விரலும் மடங்கவில்லை.

"மூணு வருசம் முன்னால எங்க அண்ணன் ஜமால் முகமது அந்தப் பாலத்துல கை நீட்டித் திரும்புனாரு. லாரிக்காரன் உரசுனதுல கை முழங்கையோட துண்டாப் போச்சு," என்றார் மெதுவாக. "அண்ணன் ஆசுபத்திரியில மவுத்தாயிட்டாரு. கையத் தேடுனோம்ணே. விடியிற வரைக்கும் தேடுனோம். கிடைக்கல. கை இல்லாமத்தான் அடக்கம் பண்ணுனோம். செவப்புக்கல் மோதிரம் போட்ட கை."

டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"இனிமே இந்த வண்டியில ஒருத்தரும் கை நீட்டக் கூடாதுன்னுதான் மெட்ராசுல சொல்லி இந்த விளக்க வாங்கி மாட்டுனேன். போன வாரம் பாலத்துல அது அணைஞ்சுச்சு. பழக்கதோசம், கைய நீட்டிட்டேன். யாரோ பிடிச்சாங்க."

"வெட்டவெளியில யாரு பாய் பிடிப்பா?"

"விரலோட விரல் கோத்துப் பிடிச்சாங்கண்ணே."

அருளப்பன் பெரிதாகச் சிரித்தான். பயத்தை அந்தச் சிரிப்பால் மூடினான். பேய்க்குப் பயந்து வண்டியைத் திருப்பி அனுப்பினான் என்று பேர் வந்தால் அப்புறம் எந்த முகத்தோடு பட்டறையைத் திறப்பது? கோபமும் வந்தது. டைனமோவுக்குக் கம்பி சுற்றும் இந்த வலது கைதான் அவன் வீட்டில் உலை கொதிக்க வைத்தது. அதை ஒரு பாலம் கேட்கிறதாம்!

"இன்னைக்கே போய்ப் பாத்துட்டு வாரேன். பகல்ல மின்னுறது சரியாத் தெரியாது. பொழுது சாயட்டும்."

"அணைஞ்சா கைய மட்டும் நீட்டிராதீங்கண்ணே."

"நீட்ட மாட்டேன் பாய். என் கை என்ன சும்மாவா கெடக்கு?"

பேகம்பூர்ப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு முடிந்த நேரத்தில் கிளம்பினான். ஊர் தாண்டியதும் மலைக்கோட்டைப் பாறை முதுகுக்குப் பின்னால் கருத்துப் போனது. வழியெல்லாம் வலது சுவிட்சைப் போட்டபடியே ஓட்டினான். சீட்டுக்கு அடியில் கரண்டை விட்டு விட்டு அனுப்பும் சின்ன டப்பா டக், டக் என்று அடிக்க, ஒவ்வோர் அடிக்கும் விளக்கு மின்னி அவன் கை முட்டிகளை மஞ்சளாக்கி அணைந்தது. சோளக்காட்டுக் காற்றில் அறுத்த தட்டையின் வாசம் வந்தது, பிறகு ஆவாரம்பட்டை வாசம், அதற்கும் பிறகு சுண்ணாம்பில் ஊறிய பச்சைத் தோலின் வாடை மூக்கைத் துளைத்து நெஞ்சுக்குள் இறங்கியது. கல்பாலம் தெரிந்தது.

விளக்கு அணைந்தது.

வண்டி குலுங்கவே இல்லை. பாலத்தில் பள்ளமும் இல்லை. வேகத்தைக் குறைத்தான். சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை.

ஆனால் டக், டக் என்ற சத்தம் நிற்கவில்லை. பல்பு எரியாவிட்டால் அந்த டப்பா அடிக்கக் கூடாது. கரண்டு ஓடினால்தான் அடிக்கும். விளக்குக்குப் போகாத கரண்டு வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. அதை வேறு ஏதோ ஒன்று வாங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் லாரி ஒன்று வந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கிட்டங்கிப் பாதை வலது பக்கம் வாயைத் திறந்து கிடந்தது. திரும்ப வேண்டிய இடம் அதுதான். இருபது வருஷப் பழக்கம், வலது கை தானாக ஆக்ஸிலேட்டரை விட்டு எழும்பியது. அரை விரற்கடை. அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அதை மறுபடி இறக்கி இறுக்கினான்.

"தரமாட்டேன்!" என்று கத்தினான். "நேராப் போறேன் போ!"

லாரியின் வெளிச்சம் முதுகில் விழுந்தது. அவன் நிழல் ரோட்டில் முன்னால் நீண்டது. தலை. தோள். ஹேண்டில்பாரைப் பிடித்த இரண்டு கைகள்.

தோளுக்குப் பக்கத்தில் மூன்றாவது கை.

வலது பக்கம் நேராக நீட்டியிருந்தது. உள்ளங்கை விரித்து. அசையாமல்.

அருளப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக ஓட்டினான். பாலம் கடந்தது. லாரி பக்கத்தில் வந்து மெதுவாயிற்று. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! வலப்பக்கம் கை காட்டிப்பிட்டு நேராப் போறியே, சாகவா பாக்குற?"

"நான் கையக் காட்டலை!"

"நாந்தான் பாத்தனே!"

லாரி போய்விட்டது. பின் விளக்கும் மறைந்தது. இருட்டு. சுண்ணாம்பு வாடை இன்னும் கூடவே வந்தது.

அருளப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பயம்தான். இருந்தும் சிரித்தான்.

"கேட்டுக்க. என் கை என்கிட்டத்தான் இருக்கு. பாலமும் தாண்டியாச்சு."

டக்.

விளக்கு எரிந்தது. ஆக்ஸிலேட்டரின் மேல் அவன் கை. அவன் கை மட்டும்.

அணைந்தது.

டக்.

அவன் கைமேல் இன்னொரு கை. ஊறிய தோல் மாதிரி வெளுத்து உப்பியிருந்தது. முழங்கையோடு முடிந்துபோயிருந்தது. சிவப்புக்கல் மோதிரம். விரலோடு விரல் கோத்திருந்தது.

"விடு!"

அணைந்தது. இருட்டில் அந்த விரல்கள் இறுகின. எரிந்தது. வண்டியின் வேகம் கூடியது. அவன் முறுக்கவில்லை. இடது கையால் ஹேண்டில்பாரை மூச்சுப் பிடித்து இழுத்தான். "விட மாட்டேன், விட மாட்டேன்" என்றான். முன் சக்கரம் விரற்கடை விரற்கடையாக வலது பக்கம் திரும்பியது. எதிரே அடுத்த லாரியின் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது.

டக். டக். டக்.

வலது விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.