முள்ளுக்கு அடியில் யார்?

அடியில் கண்ணாடி பொருத்திய வாளியைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால் போதும், சுண்டுவுக்குப் படகும் கரையும் மறந்துபோகும். கீழே எல்லாமே மெதுவாக நடக்கும். பாசி மெதுவாகச் சாயும். வெயில் மெதுவாக ஆடும். அம்மாகூட அங்கே தூக்கத்தில் நடப்பவள் மாதிரிதான் நகர்வாள்.

அம்மாவுக்கு வேலையே கடலில் மூழ்கி முள்ளெலி எடுப்பதுதான். கடல் முள்ளெலி என்றால் ஓடுகிற எலி இல்லை. உடம்பெல்லாம் முள்ளைச் செருகிக்கொண்டு, பாறையில் தேமே என்று உட்கார்ந்திருக்கும் ஓர் உருண்டை.

இன்று எடுக்கும் நாள் இல்லை, எண்ணும் நாள். கடலில் எத்தனை முள்ளெலி இருக்கிறது என்று பார்த்து, இந்த வருடம் எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்ய, மீன்வள அலுவலகத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். அலுவலகச் சட்டையைப் போட்டுவிட்டால் அத்தைக்குச் சொந்தபந்தமெல்லாம் கரையோடு சரி. கொஞ்சம் கூட்டி எழுதுங்களேன் அண்ணி என்று அம்மா விளையாட்டுக்குச் சொன்னதற்கே முறைத்துப் பார்த்தாள்.

அம்மா கடலடியில் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பதை எண்ணி, அளந்து, மேலே வந்து சொல்வாள். அத்தை படகிலிருந்து குறித்துக்கொள்வாள். இப்படிப் பன்னிரண்டு இடம் முடிந்தது. பெரியவை நிறைய இருந்தன. குட்டி ஒன்றுகூட இல்லை.

அத்தை பென்சிலைக் கடித்தாள். "குட்டியே இல்லையே. இருக்கிற பெருசும் போயிட்டா கடல் காலி. இந்த வருஷம் யாரும் எடுக்கக் கூடாதுன்னுதான் எழுதணும்."

ஒரு வருடம் முழுக்கக் கடலில் இறங்காமல் அம்மா என்ன செய்வாள்? சுண்டு மறுபடி வாளிக்குள் முகத்தை வைத்தாள்.

நேர் கீழே ஒரு பெரிய முள்ளெலி இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அலை வந்தது. முட்கள் லேசாக விலகின. உள்ளே, சட்டைப் பொத்தான் அளவில் ஏதோ ஒன்று நகர்ந்தது. மழை வந்தால் சுண்டு அம்மாவின் மழைக்கோட்டுக்குள் புகுந்துகொள்வாளே, அதே மாதிரி.

"அத்தை, குட்டிங்க இருக்கு. பெருசுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு."

அத்தை நம்பவில்லை. ஆனால் பார்க்காமலே இல்லை என்று சொல்வதும் அவள் வழக்கமில்லை. அம்மாவை இறங்கிப் பார்க்கச் சொன்னாள்.

அம்மா அந்தப் பெரியதை மெல்லத் தூக்கினாள். அடியில் நான்கு குட்டிகள்! எண்ணிய கையோடு, பழக்கதோஷத்தில் பெரியதை இடுப்பு வலைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்ததைத் தேடி நகர்ந்தாள்.

குட்டிகள் வெட்டவெளியில் தனியாகக் கிடந்தன. எங்கிருந்தோ ஒரு மீன் வந்து, ஒன்றைக் கொத்திக்கொண்டு போனது. சுண்டு பதறிப்போனாள். கத்தினால் கடலுக்குள் கேட்காது. அம்மாவின் இடுப்பிலிருந்து படகுக்கு வரும் கயிற்றை மூன்று முறை இழுத்தாள். மேலே வா என்று அர்த்தம்.

அம்மாவின் தலை தெரிந்ததும் சொன்னாள்: "அதைத் திருப்பி வைம்மா. அது போயிட்டா அதுங்களுக்கு வீடே இல்ல."

அம்மா பையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். திரும்ப மூழ்கி, பெரியதை இருந்த இடத்திலேயே வைத்தாள். மிச்சமிருந்த மூன்று குட்டிகளும் மெல்ல மெல்ல ஊர்ந்து முள்ளுக்குள் மறையும்வரை சுண்டு வாளியை விட்டு நிமிரவே இல்லை.

பன்னிரண்டு இடங்களிலும் மறுபடி எண்ணினார்கள். தூக்கிப் பார்த்த பெரியதையெல்லாம் அம்மா மறக்காமல் அங்கேயே வைத்தாள். மொத்தம் அறுபத்தொரு குட்டிகள். அத்தை பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இந்த வருடம் எடுக்கலாம், ஆனால் நடுத்தர அளவில் மட்டும். உள்ளங்கையைவிடப் பெரியதைத் தொடக் கூடாது.

"பெருசுதான் பையைச் சீக்கிரம் நிரப்பும்," என்றாள் அம்மா. பிறகு சுண்டுவைப் பார்த்தாள். "பரவாயில்ல அண்ணி. நிதானமா எடுத்துக்கறேன்."

கரை சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சுண்டு வழக்கம்போல அம்மாவின் மழைக்கோட்டுக்குள் புகுந்தாள். கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நனைந்தன.

"வளந்துட்ட. இனிமே இடம் பத்தாது," என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு பொத்தானைக் கழற்றி, கோட்டை அகலமாக விரித்தாள்.