உஷ்... பதிவாகுது!

"அதைத் தொடாதீங்க!"

பெவர்லி பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டாள். பிறகுதான் உறைத்தது. இது அவள் மேசை. அவள் அட்டைப்பெட்டி. அந்தப் பழைய கேசட்டும் அவள் விற்க வைத்திருப்பதுதான்.

"ஏங்க... என் சாமானை நான் தொடக் கூடாதா?"

"ஈரக் கையால தொடக் கூடாது."

"உங்க கை மட்டும் என்ன, அடுப்புலயா வெச்சிருந்தீங்க?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். சட்டையும் ஈரம். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி இன்னும் மங்கியது. பெவர்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது... கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள், தூக்கத்தில் எழுப்பிவிட்ட குழந்தையின் கண்கள் போல இருந்தன.

ஸ்கார்பரோ ஊருக்கு வெளியே, கடலைப் பார்த்த மேட்டில், ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்தை. அவரவர் கார் டிக்கியைத் திறந்து வைத்து வீட்டுக் கழிசடைகளை விற்பார்கள். ஜூன் மாதம், கோடைதான். ஆனால் 1996இன் ஜூன் மாதத்திடம் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. மழை கொட்டியது. பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். பெவர்லி போகவில்லை. அப்பா ஏப்ரலில் இறந்துவிட்டார். நகராட்சி அவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா?" அவன் கேசட்டை நோக்கிக் குனிந்தான். "லார்க் தெரு பதினொண்ணு. கிறிஸ்துமஸ், எழுபத்திநாலு."

"ஆமா, டிவி நாடகம். சின்ன வயசுல பார்த்திருக்கேன். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா! உலகத்துலயே இல்லாததுங்க இது!"

இந்த ரசிகர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெற்ற தாயின் பிறந்தநாளை மறப்பார்கள். எழுபத்திநாலில் எந்த வியாழக்கிழமை எந்த நகைச்சுவை நாடகம் வந்தது என்பதை மறக்கமாட்டார்கள். அந்தக் காலத்து ஒளிபரப்பு நிலையங்களில் நாடாவுக்குத் தட்டுப்பாடு. காட்டி முடித்ததை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வார்கள். நாடே விழுந்து விழுந்து சிரித்த நாடகங்கள் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. மிச்சம் இருப்பவை சில வீட்டுக் கேசட்டுகள். டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, ஒரு பிள்ளை கையில் மைக்கைப் பிடித்துக்கொள்ளும். படம் வராது, குரல் மட்டும். அதற்கு எல்லா வீட்டிலும் ஒரே சட்டம்தான்... பதிவு முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

அவன் பெயர் ரஸ்ஸல். ஊரில் டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கெஞ்சிக் கூத்தாடி அவளைத் தன் பழைய காருக்குள் உட்கார வைத்தான். கேசட்டைத் துடைத்துக் காரில் இருந்த டேப் பிளேயருக்குள் செருகினான்.

இரைச்சல்... துள்ளலாக ஒரு இசை... கூட்டத்தின் சிரிப்பு. ரஸ்ஸல் கண்களை மூடிக்கொண்டான். அவன் உதடுகள் வசனத்துக்குக் கூடவே அசைந்தன.

அப்போது, மிக அருகில், மைக்குக்குப் பக்கத்தில், ஒரு பெண் குரல்.

*"பெவ், டீ ஆறுது பாரு."*

பெவர்லி ஒலிபெருக்கியை நோக்கிக் குனிந்தாள். அவளுக்கு ஏழு வயதில், அந்தக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த மார்ச்சில் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு அப்பா அவள் பேச்சையே எடுத்ததில்லை. முகம் போட்டோவில் இருந்தது. குரல் எங்கேயும் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வராது...

"அது... அது எங்க அம்மா," என்றாள்.

கண்ணைத் திறக்காமலே ரஸ்ஸல் விரலை உயர்த்தினான். "உஷ்..."

அதற்குள் நாடா கிறீச்சிட்டது. அவன் பதறிப்போய் வெளியே எடுத்தான். விரலில் பழுப்புப் பொடி ஒட்டியது.

"உதிருது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஓடும். அந்த ஒரு தடவைய என்கிட்ட விடுங்க. கடையில பெரிய சுருள் மெஷின் இருக்கு, அதுல ஏத்திடுறேன். நம்புங்க."

"எனக்கும் ஒரு காப்பி வேணும். முழுசா வேணும்."

"முதல் காப்பியே உங்களுக்குத்தான்."

முன்பின் தெரியாதவனிடம் எப்படிக் கொடுத்தாள்? அந்தக் கண்கள்தான், வேறென்ன...

ஆறு வாரம். கடற்கரையில் வினிகர் சொட்டும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம், அதைப் பிடுங்க வரும் கடற்காகங்கள், ஒரே குடை. 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது. அவனுக்கு எழுபதுகளின் மிட்டாய் விளம்பரப் பாட்டெல்லாம் அத்துப்படி. பெவர்லி வேலை செய்த மருந்துக்கடை வாசலில் நின்று, பல்பொடிப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடி அவள் மானத்தை வாங்கினான்.

"உனக்கு எழுபத்தொன்பதுக்கு அப்புறம் எதுவுமே நடக்கலையா ரஸ்ஸல்?"

"நடந்துச்சே. தொண்ணூத்தாறு. ஜூன் மாசம். நல்ல மழை."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னம் சூடாகியிருந்தது.

"கேசட் என்னாச்சு? நான் கேக்கணும்."

"அவசரப்படாத. கல்யாணப் பொண்ணு மாதிரி ஜோடிச்சுக் காட்டுறேன்."

அந்தப் பேச்சில் அவள் மயங்கித்தான் போனாள்.

ஆகஸ்டில் யார்க் நகரத்து ஹோட்டல் ஒன்றின் பின்கூடத்தில் லார்க் தெரு ரசிகர்களின் ஆண்டுக் கூட்டம். அறுபது பேர். முட்டை சான்ட்விச், ரோஸ் நிற வேஃபர் பிஸ்கட். நாடகத்தில் வரும் விடுதிக்காரி போலத் தலையில் முடி சுருட்டும் உருளைகளை மாட்டிக்கொண்டு இரண்டு ஆண்கள். ரஸ்ஸல் அவளை முதல் வரிசையில், தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

நாடா சுழன்றது.

அந்தத் துள்ளல் இசை. கூட்டச் சிரிப்பு. காரில் கேட்ட அதே வசனம். இதோ... இப்போது... பெவர்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வசனம் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது.

தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். காத்திருந்தாள். இருபத்தெட்டு நிமிடம் காத்திருந்தாள். கூடம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு டீயைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சங்கச் செயலாளர் பிக்கர்ஸ்கில் ஓடிவந்து ரஸ்ஸலைக் கட்டிக்கொண்டார். "எப்படிப்பா! ஒரு தும்மல்கூட இல்லையே! நேத்து ஒளிபரப்பான மாதிரி இருக்கு!"

ரஸ்ஸல் ஜொலிக்கும் முகத்தோடு அவள் பக்கம் திரும்பினான். "எப்படி இருக்கு?"

"எங்க அம்மா எங்க?"

"யாரு?"

"டீ ஆறுதுன்னு சொன்னாங்களே."

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல மெல்ல இறங்கியது. "அந்தக் குரலா... பெவ், அதை... வெட்டி எடுத்துட்டேன். சுருள் நாடாவுல பிளேடு வெச்சு, ஒவ்வொண்ணா. வசனத்து மேலயே பேசின இடத்துக்கெல்லாம், ஆபர்டீன்ல ஒருத்தர் முதல் பாதி மட்டும் பதிஞ்சு வெச்சிருந்தார், அதுல இருந்து ஒட்டினேன். ஆறு வாரம் பாடுபட்டு..."

"வெட்டின துண்டெல்லாம்?"

"தரையில... பெருக்கி... குப்பை வண்டி வந்து..."

"கேசட்?"

"ஓடினதும் பொடியாப் போச்சு. முன்னாடியே சொன்னேனே பெவ்."

"நானும்தான் சொன்னேன். கார்ல. அது எங்க அம்மான்னு சொன்னேன். நீ 'உஷ்'னு சொன்ன."

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். ரயிலில் ஸ்கார்பரோ வரும்வரை அழவில்லை. அழுகை வருகிற அளவுக்குக்கூட ஆத்திரம் இடம் விடவில்லை.

போன் வந்தது, வைத்தாள். கடிதம் வந்தது, பிரிக்காமல் திருப்பி அனுப்பினாள். அவன் கொடுத்தனுப்பிய 'முதல் காப்பி'யையும் அப்படியே திருப்பினாள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர். இருமல் மருந்து கேட்டு யாராவது கதவைத் தள்ளும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். அவன் இல்லை என்றதும் ஏமாந்தாள். அப்படி ஏமாறுவதற்காகவே தன்னை வெறுத்தாள். வீம்பு என்றால் வீம்புதான்... ஆனால் அவளிடம் மிச்சம் இருந்ததே அது ஒன்றுதானே?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, பிற்பகல். அவளுடைய புது வீடான ஒற்றை அறையின் வாசலில் அவன் நின்றான். ஒரு கையில் டேப் ரெக்கார்டர், இன்னொரு கையில் மடித்த தாள். நல்ல மழை.

"அஞ்சு நிமிஷம் பெவ்."

"மூணு."

அவன் தாளை நீட்டினான். அவன் கையெழுத்து. மேலே கோடு போட்ட தலைப்பு: *இரைச்சல் – நீக்க வேண்டியவை.* கீழே வரிசையாக நிமிடமும் வினாடியும். 2.40, பெண் குரல். 4.15, பெண் சிரிப்பு. 6.10, பெண் குரல், கரண்டி. 7.05, சிறுமி.

"எங்க அம்மா உனக்கு இரைச்சல்."

"ஆமா." அவன் மறுக்கவில்லை. "சமாதானம் சொல்ல வரல. வெட்டணும்னா அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கேக்கணும். ஒவ்வொண்ணையும் முப்பது, நாப்பது தடவை கேட்டேன். அவங்க பேசினது முழுக்க எனக்கு மனப்பாடம். இப்ப உலகத்துலயே அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் வெச்சிருக்கக் கூடாது பெவ். வாங்கிக்கோ. அப்புறம் போயிடுறேன்."

அவள் விலகி நின்றாள். அவன் உள்ளே வந்து ரெக்கார்டரை மேசையில் வைத்து அழுத்தினான்.

இசை. சிரிப்பு. ரஸ்ஸல் தாளைப் பார்க்கவே இல்லை. குரலை மாற்றாமல், நடிக்காமல், சரியாக அந்த இடத்தில் சொன்னான்.

"'பெவ், டீ ஆறுது பாரு.' அன்னிக்குக் கார்ல கேக்கல, அடுத்து நீ: 'உஷ் அம்மா! பதிவாகுது!'"

"நானா?"

"ஏழு வயசுக் குரல். மூக்கடைச்சுப் பேசுற." கொஞ்சம் பொறுத்தான். "இப்ப சிரிக்கிறாங்க. டிவில கூட்டம் சிரிக்கிறதுக்கு அரை வினாடி முன்னாடியே. எல்லா ஜோக்குக்கும் அப்படித்தான். முந்திக்குவாங்க."

பெவர்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"'காலை மடக்கி உக்காரு கண்ணு, குளிருது.' நீ: 'உஷ்!'... 'அந்த விடுதிக்காரி போட்டிருக்கிற கோட்டைப் பாரேன். எனக்கும் ஒண்ணு வேணும். சரி விடு, அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பாத்துக்கலாம்.'"

அடுத்த கிறிஸ்துமஸ். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளால் தாங்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. டீ, கரண்டி, இருமல், பக்கத்து வீட்டு நாய், சிரிப்பு. நடுநடுவே ஒரு சிறுமியின் 'உஷ்'.

பதினான்காம் நிமிடத்தில் அவன் சட்டென்று மௌனமானான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் தாளைப் பார்த்தாள். "கடைசியில ஒரு வரி இருக்கே. 14.02."

"அது வேணாம் பெவ்."

"ரஸ்ஸல், இன்னொரு தடவை எங்க அம்மாவை வெட்டாத."

அவன் முகம் சுருங்கியது. பிறகு மெதுவாகச் சொன்னான். "நீ கத்துற. 'அம்மா, நீ பேசினா எல்லாம் கெட்டுப்போகுது! வாயை மூடு!' அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம்... 'சரி கண்ணு. அம்மா இனிமே பேசல.'"

"அப்புறம்?"

"அப்புறம் எதுவும் இல்ல. மீதிப் பதினாலு நிமிஷத்துல வெட்ட எனக்கு ஒண்ணுமே கிடைக்கல. சிரிப்புகூட."

நாடா ஓடிக்கொண்டே இருந்தது. யார்க்கில் அறுபது பேர் கொண்டாடிய அந்தச் சுத்தமான ஒலி. அவன் கை படாத பகுதி இது. இதற்குள்தான் அம்மா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்... மகள் சொன்னாள் என்பதற்காக. இத்தனை மாதம் அவன் சொன்ன ஒரு 'உஷ்'ஷுக்காக அவனை எரித்தாயிற்று. தன்னுடையதை எல்லாம் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

அவள் அழுதாள். விக்கி விக்கி, மூக்கடைத்து, ஏழு வயதுபோல.

அப்போது ரஸ்ஸல் தன் ஆயுளில் செய்யாத ஒன்றைச் செய்தான். லார்க் தெரு ஓடிக்கொண்டிருக்கும்போதே, விடுதிக்காரியின் மிகச் சிறந்த வசனத்தின் மேலேயே, பேசினான்.

"எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும் பெவ். யார்க்குக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். இப்ப சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல, தெரியும். சொல்லாம போகவும் முடியல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கெட்டிலை வைத்தாள். முதுகைக் காட்டியபடியே நின்றாள். ஒரு கோப்பை டீயைக் கொண்டுவந்து அவன் முன்னால் நங்கென்று வைத்தாள். அவன் தலை கவிழ்ந்திருந்தான். கோப்பையைத் தொடவில்லை. கண்ணாடியில் மறுபடியும் துளிகள்.

"டீ ஆறுது பாரு," என்றாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"என்ன?" என்றாள்.

"அதே குரல்," என்றான். "பெவ், அப்படியே அதே குரல்."

அது உண்மையா என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை. இனி சாகும்வரை அவன் சொல்வதைத்தான் நம்பியாக வேண்டும். அழித்தவனையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கொடுமை.

"நீ பண்ணதை நான் மன்னிக்கல," என்றாள். "மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா எனக்கும் உன்னைப் பிடிக்கும் ரஸ்ஸல். அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது."

ரெக்கார்டர் டக்கென்று நின்றது. அறையில் மழைச் சத்தம் மட்டும். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தயங்கி, அடங்கினான்.

"பேசு," என்றாள் அவள். "ஏதாவது பேசிக்கிட்டே இரு. நான் உஷ்னு சொல்லமாட்டேன்."