எலுமிச்சம்பழம் வைத்த புகையடுப்பு

“அதை வாங்காதீங்க...”

பின்னாலிருந்து வந்த குரலுக்குச் சத்யபாமா உடனே திரும்பவில்லை. அலோன் துறைமுகத்தை ஒட்டிய அந்த இரும்புக் கடையில், கண்ணாடிக் கதவோடு பளபளத்த மின்சாரப் புகையடுப்பின் மீது அவள் கண் விழுந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. பொத்தானை அழுத்தினால் கோழி தானாகப் புகையில் வெந்துவிடும் என்று கடைக்கார அம்மா ஹுஸ்னா ஆசை காட்டியிருந்தாள்.

“கோழி வேக அஞ்சு மணி நேரமாவது ஆகும். நம்ம ஊர்ல கரண்டு சேர்ந்தாப்புல அவ்வளவு நேரம் நிக்குமா?”

இப்போது திரும்பினாள். மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன்... லுங்கி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்களில் மட்டும் ஈரத்தோடு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், கன்னத்தில் பூசியிருந்த தனக்கா என்ற பர்மியச் சந்தனப் பூச்சு மழையில் கரைந்து வழிகிறதே என்று அவளுக்கு அநாவசியமாகக் கவலை வந்தது.

“அப்ப எதை வாங்கணுமாம்?” குரலை மட்டும் கறாராக வைத்துக்கொண்டாள்.

மூலையில் நின்ற மெல்லிய தகர அடுப்பைத் தட்டினான். “இது ரெண்டு மழைக்காலம் தாங்காது.” பிறகு, பழைய பீப்பாயைக் குறுக்காகப் படுக்கவைத்து, நான்கு கால்களும் புகைபோக்கியும் பற்றவைத்த கறுத்த அடுப்பைத் தட்டினான். கனமாக ஒலித்தது. “இதுதான். சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். மாங்கட்டை போட்டு, பொறுமையா உக்காரணும்... அவ்வளவுதான்.”

ஹுஸ்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பாமா அதைக் கவனித்துவிட்டாள். “கமிஷன் உண்டோ?”

“உண்டு. முதல் கோழியில ஒரு காலு.” சிரித்தபடியே ஒரு அட்டைத் துண்டில் போன் எண்ணை எழுதி நீட்டினான். “மகேந்திரன். ஆத்துக்கு அந்தப் பக்கம் டாலாவுல படகு இஞ்சின் பாக்குறேன். தீ மக்கர் பண்ணா கூப்பிடுங்க.”

கூப்பிடவே போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் அந்த அட்டையைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். கறுத்த அடுப்பை வாங்கிக்கொண்டு தின்கன்ஜூனில் வீடு போய்ச் சேரும்வரை டாக்சிக் கண்ணாடியில் வழிந்த மழைத்துளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் அப்பா தங்கவேலு ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தார். கப்பல் கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கோழிக்கடை போடப்போகிறேன் என்று மகள் நின்றபோது, “ஞாயித்துக்கெழமை சமைச்சுக் காட்டு. வாய்க்கு நல்லா இருந்தா கடை. இல்லேன்னா திங்கக்கெழமை ஆபீஸு” என்றார். சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிறு காலை கொல்லையில் புது அடுப்புக்குப் பூஜை நடந்தது. சந்தனம், குங்குமம், புகைபோக்கிக்கு ஒரு முழம் பூ. கண் படக்கூடாதென்று குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தை, அதற்கென்றே அளவெடுத்தது போல் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குழாய்க்குள் பாமா தன் கையாலேயே செருகினாள். கற்பூரம் காட்டித் தீ மூட்டினாள்.

புகை வந்தது... அழுக்குப் பஞ்சு மாதிரி கொத்துக் கொத்தாக. இரண்டு மணி நேரத்தில் கோழி கரிநிறமாயிற்று. ஓரத்தில் கிள்ளி வாயில் வைத்தாள். வேப்பங்கொழுந்து தோற்றுப்போகும் கசப்பு.

கண்ணில் நீர் முட்டியது. புகையினால்தான் என்று சொல்லிக்கொண்டாள். அட்டையைத் தேடி எடுத்தாள்.

“கமிஷனுக்காக என் தலையில ஓட்டை அடுப்பைக் கட்டிட்டீங்கல்ல? நாளைக்கு நான் ஆபீஸுக்குப் போகணும். சந்தோஷமா?”

மறுமுனையில் மகேந்திரன் கேட்டது ஒன்றுதான். “வீடு எங்கன்னு சொல்லுங்க.”

படகில் ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்து, மறுபடியும் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். நேரே கொல்லைக்குப் போனான். அடுப்பைச் சுற்றி வந்தான், குனிந்தான், குழாயிலிருந்து எலுமிச்சம்பழத்தை உருவி அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“தீ மூச்சு விடுற வழிங்க அந்தக் குழாய்.”

அடுப்பு ஒருமுறை பெருமூச்சு விட்டது. அழுக்குப் புகை கலைந்தது. கொஞ்ச நேரத்தில் மெல்லிய நீல இழை ஒன்று பூவைத் தொட்டுக்கொண்டு மழைக்குள் ஏறிப்போயிற்று. பாமா அதையே பார்த்தாள். அவனைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“சாமிக்குன்னு... நான்தான் வச்சேன்.”

“சாமி கோவிச்சுக்காது. கோழிதான் கோவிச்சுக்கிச்சு.”

இரண்டாவது கோழியை வைக்குமுன், சேர்ந்திருந்த சாம்பலைக் கொட்ட அவன் சாக்குத் துணியால் பிடித்து அடுப்பைச் சாய்த்தபோதுதான் அடித்தகட்டில் அவள் அதைக் கண்டாள். வெள்ளை பெயிண்டில், பர்மிய எழுத்தில்: மகேந்திரன், டாலா. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஹுஸ்னாவின் மூடிய வாய்கூட.

“இது... நீங்க சொல்லி வச்ச அடுப்பா?”

அவன் சாம்பலையே கிளறினான். “ரெண்டு மாசம் காத்திருந்தேன். அன்னைக்கு எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்.”

“அப்புறம் ஏன் எனக்குக் குடுத்தீங்க?”

“அந்தக் கண்ணாடி அடுப்பை நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க பாருங்க... அவ்வளவு ஆசையா. கரண்டு போனா அந்த முகம் வாடிப்போயிருமேன்னு தோணிச்சு.”

இந்த ஆளையா கமிஷன் என்று திட்டினோம்... நெஞ்சு கரைந்தது அவளுக்கு.

மாலையில் தங்கவேலு இரண்டாவது கோழியின் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். இன்னொன்று எடுத்தார். கால் துண்டுக்குக் கை நீண்டபோது பாமா தட்டை நகர்த்தினாள். “அது வேற ஆளுக்குப்பா.”

அவர் மகளைப் பார்த்தார், கொல்லையில் நின்றவனைப் பார்த்தார். “நாளைக்கு ஆபீஸுக்கு வரமாட்டேன்னு போன் பண்ணிரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அவனிடம் கால் துண்டை நீட்டினாள். “உங்க கமிஷன். அடுப்பையும் எடுத்துட்டுப் போங்க. உங்களது.”

“இவ்வளவு கனத்தைப் படகுல ஏத்தணுமே...” என்று இழுத்தான். “இங்கேயே இருக்கட்டும். நான் வேணா வந்து பாத்துட்டுப் போறேன்.”

“பாத்துட்டுப் போறதுக்கா?”

அவன் நிமிர்ந்தான். சிரிப்பு இல்லை. “போகாம இருக்கச் சொன்னா இருந்துருவேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

பாமா அடுப்பருகே போனாள். தீ அணைந்து ஆறியிருந்த அடுப்பைச் சாய்க்கச் சொன்னாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலில் தொட்டு, அவன் பெயருக்குப் பக்கத்தில் குனிந்து எழுதினாள். கோயில் தமிழ் வகுப்பில் படித்ததில் அவளுக்குத் தமிழில் எழுத வந்தது அந்த ஒன்றுதான்.

பாமா.

“அழிஞ்சுருமே...” என்றான் அவன், மிக மெதுவாக.

“அழிஞ்சா மறுபடியும் எழுதுவேன். தினம் எழுதுவேன். பக்கத்துல நீங்க இருக்கணும்.”