நாக்கு கட்டிய மணி

விழா என்று வந்தாலே நினைவு மலர் தயாரிக்கும் வேலை தமிழ் வாத்தியார் தலையில்தான் விழும். ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரச் சாமியார்கள் குதிரையில் ஏறி வந்து கட்டிய எங்கள் பள்ளிக்குத் தொண்ணூறு வயது. வரலாறு எழுத அகப்பட்டவன் நான், மோகன். சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் தற்காலிக ஆசிரியன். மலர் நல்லபடியாக வந்தால் வேலை நிரந்தரம் என்று விழாக்குழுத் தலைவர் அருள்மணி சொல்லியிருந்தார். முன்பு இங்கே விடுதிக் காப்பாளர், பிறகு தலைமையாசிரியர். அவர் சொன்னால் நடக்கும்.

சனிக்கிழமை காலை, மணிக்கூண்டின் அடியில் இருக்கும் அறையைத் திறந்தேன். ஈரச் சாக்கின் நாற்றம் முகத்தில் அடித்தது. கூரை ஓட்டை வழியாக மணிக்கயிறு தரைவரை தொங்கியது. கரண்டு மணி வந்தபின் அதை யாரும் தொடுவதில்லை.

அலமாரியில் கடைசி வெளிநாட்டுப் பாதரின் நாட்குறிப்பு கிடைத்தது. தமிழில்தான் எழுதியிருந்தார்.

பெரிய வியாழன் பூசையிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி, பாஸ்கா இரவுவரை மணி அடிக்கக் கூடாது. பிள்ளைகள் விளையாட்டாக அடித்துவிடாமலிருக்க, மணியின் நாக்கைச் சாக்கால் சுற்றிக் கட்டிவிடுவது இங்கே வழக்கம். 1985இல் கட்டியவர் அருள்மணி. அன்றே, எதிர்த்துப் பேசினாள் என்று ஆறாம் வகுப்பு திரௌபதியை இந்த அறையில் பூட்டினார். பூட்டியதை மறந்து, விடுமுறைக்கு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். விடுதியும் காலி; கத்தினாலும் கேட்க ஆளில்லை.

'சனி இரவு நாக்கை அவிழ்க்கப் போனேன். கயிற்றைப் பிடித்தபடியே கிடந்தாள். உள்ளங்கைகளில் தோல் இல்லை. எத்தனை முறை இழுத்தாளோ!'

என் மகளும் ஆறாம் வகுப்புதான்.

"இன்னா படிக்கிற?"

வாசலில் அருள்மணி. நாட்குறிப்பை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"அந்தப் பொண்ணு காய்ச்சல்ல செத்துப் பூட்ச்சி. அப்டியே எழுதிடு."

"சார், பாதர் எழுதியிருக்காருங்களே..."

"நெரந்தரம் ஆவணுமா, வேணாமா?"

எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதினேன். 'விஷக்காய்ச்சலில் இறைவனடி சேர்ந்த மாணவி' என்று ஒரே வரி. பெயர்கூட இல்லை. அவர் கண்ணெதிரிலேயே போளூர் அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

கயிறு அசைந்தது.

காற்று இல்லை.

ஒரு முழம் கீழே இறங்கியது. மேலே போனது. மறுபடி இறங்கியது. யாரோ முழு பலத்தோடு இழுக்கிறார்கள். மேலே சத்தமே இல்லை.

கயிற்றின் நுனி சிவப்பாக நனைந்துகொண்டிருந்தது.

அருள்மணி கதவுக்கு ஓடினார். திறந்து கிடந்த கதவுதான். ஆனாலும் அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. இரண்டு கையாலும் வெறும் காற்றைத் தட்டினார், குத்தினார். கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

உள்ளே நாக்கு புரளவில்லை. சாக்கு நிறத்தில் தடித்து, உருண்டு கிடந்தது.

அவர் கண்கள் என்னைக் கெஞ்சின. நான் தள்ளாடி வெளியே வந்துவிட்டேன். என்னை எதுவும் தடுக்கவில்லை. பின்னால் உள்ளங்கைகள் அறையும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வரியை எடுக்க வேண்டும். வேலை போனால் போகட்டும். மைதானத்தில் நின்று அச்சகத்து சிவசங்கருக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க மோகன் சார்."

வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. தொண்டைவரை சணல் அடைத்தது. 'மன்னிச்சிடும்மா' என்று மனசுக்குள் கதறினேன்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

என் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. என்ன பேசுகிறேன் என்று எனக்கே கேட்கவில்லை. மறுமுனையில் சிவசங்கர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அழாத பாப்பா... மெதுவா சொல்லு. நான் எழுதிக்கறேன்."