மாப்பிள்ளைக்குத் தலை

ஞாயிறு, மாலை 5.10. மணக்குடியில் மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை ஆன்ஸ்லின் வாந்தியெடுத்துச் சரிந்தான். மனைவி ரெஜிஷா ஐஸ் போட்ட சர்பத் கொடுத்தாள். ஒரு மடக்கு குடித்தவன் தம்ளரை வீசினான்.

"தீயா சுடுது, ஏட்டி."

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். அதற்குள் அவன் தாய் தேவகனி போலீசுக்குப் போய்விட்டாள். மகளை மாப்பிள்ளையோடு துபாய்க்கு அனுப்ப மனமில்லாத மாமியார் வேளாங்கண்ணி, சர்பத்தில் விஷம் வைத்தாள் என்பது புகார். மகன் இனி அந்த வாசலை மிதிக்கமாட்டான், மருமகளும் அங்கேயே கிடக்கட்டும் என்றாள். அவள் குரலுக்குப் பேச்சிப்பாறை அணையின் மதகு ஒன்று தானாகத் திறந்தது என்பார்கள்.

திங்கள், காலை 9.30. விசாரிக்க வந்த எஸ்.ஐ. தாணு பூதப்பாண்டிக்காரர், சுத்த சைவம். அதே சர்பத்தைக் குடித்த ரெஜிஷா ஒரு கேடுமில்லாமல் கல்லுப்போல நின்றாள். மத்தியானக் குழம்பு, கடலடிப் பாறைகளில் பிடித்த கலவா மீன். அதன் தலை வாசலில் நுழைந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வால் நுழைந்ததாம். ஒரே மீனைத்தான் தின்றோம் என்று விருந்தில் இருந்த மற்ற எட்டுப் பேரும் சத்தியம் செய்தார்கள். ஈரலைத் தின்ற பூனை மட்டும் மதிலில் ஏறத் தெரியாமல் தள்ளாடியது.

தாணு, மீன் தின்னாதவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்: யாருக்கு எந்தத் துண்டு?

வீடே சிரித்தது. வேளாங்கண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தலை மாப்பிளைக்குத்தான் சாரே. இதெல்லாமா கேப்பாவ?"

பாதித் தலை ஃப்ரிட்ஜில் மிச்சம் இருந்தது. தாணு மூக்கைப் பொத்திக்கொண்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார். விஞ்ஞானி ஷிஜி அதிலிருந்து சாறு இறக்கி, வளர்ப்பு உயிரணுக்கள்மேல் விட்டாள், செத்தன. மூலக்கூறுகளை எடைபோடும் இயந்திரத்தில் ஏற்றினாள். ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷத்தின் எடையோடு ஒத்துப்போனது.

சனி, காலை 11.00. ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"குத்தவாளி கலவாதான்," என்றார் தாணு. "பாறைப் பாசியில இருக்கப்பட்ட கண்ணுக்குத் தெரியாத உயிரி விஷம் உண்டாக்கும். அதச் சின்ன மீன் தின்னும், சின்னதப் பெருசு தின்னும். பெருசோட தலையிலயும் ஈரல்லயும் போய்ச் சேந்துகிடும். பேரு சிகுவாடாக்சின். மணம் கிடையாது, வேவிச்சாலும் போவாது. அது ஏறுனா குளிந்தது சுடும். ஐஸ் சுடுதுன்னு இவன் அன்னைக்கே சொல்லியாச்சு. நாமதான் சர்பத்த மோந்து பாத்துட்டு இருந்தோம்."

"எம்மவனுக்கு மட்டும் தலைய எதுக்கு வச்சா?"

"பாசத்துல," என்றார் தாணு. தேவகனி முதன்முறையாக வாயை மூடினாள். மதகும் மூடிக்கொண்டது.

ஆறு மாதம் கழித்து டாக்டர் மீனுக்கு அனுமதி தந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணி நெய்மீன் வைத்து, மருமகன் தட்டில் வால் துண்டைப் போட்டாள். தேவகனிக்கு முகம் சிவந்தது. எம்மவனுக்கு வாலா என்று ஆரம்பித்தாள்.

ஆன்ஸ்லின் முள்ளை எடுத்தபடி சொன்னான்: "மாமிக்கு எம்மேல பாசம் கூடிப்போச்சும்மா."