வண்டி சுவரைத் தொடட்டும்

விமல்ராஜுக்கு இரண்டரை வயதுதான். ஆனால் பால்வாடியே அவனைக் கண்டு நடுங்கியது. சாப்பிடக் கூப்பிட்டால், "மாட்டேன்!" கை கழுவக் கூப்பிட்டால், "மாட்டேன்!" தூக்கப் போனால் தரையில் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டிவிடுவான்.

அன்று அவன் அக்கா பிரவீனாவுக்குப் பரீட்சை லீவு. தம்பியைப் பார்க்க மதியம் வந்தவளிடம் மஹாலட்சுமி டீச்சர் அலுத்துக்கொண்டார்.

"என்னால முடியலம்மா. இவனைப் பார்த்து மத்த பசங்களும் அடம் புடிக்குதுங்க. கொஞ்ச நாளைக்கு வீட்டிலயே இருக்கட்டும். சாயங்காலம் அம்மாவை வரச் சொல்லு."

பிரவீனாவுக்குப் பகீரென்றது. அம்மா போன வாரம்தான் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அப்பாவோ தறியில் உட்கார்ந்திருப்பார். தம்பி வீட்டில் இருந்தால் அம்மா வேலையை விட வேண்டியதுதான். காலையில் சிரித்த முகத்தோடு கிளம்பும் அம்மாவை நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"டீச்சர், இன்னிக்கு நான் கூட இருந்து பார்க்கட்டா?"

"பாரு, பாரு. காது பத்திரம்!"

விமல்ராஜ் மர வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அங்கிருந்து மறுபடி இங்கே. பாதி வழியில் டீச்சர் அவன் கையைப் பிடித்தார்.

"வா கண்ணு, சாப்பிடலாம்."

"மாட்டேன்!" கூரையே அதிர்ந்தது.

பிரவீனாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. வீட்டில் அப்பாவைக் கூப்பிட்டாலும் இதே கதைதான்! நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா பாதி வழியில் இருக்கும்போது அவர் தறியை விட்டு எழுந்ததே இல்லை. "இரும்மா, நாடா அந்தக் கரைக்குப் போய்ச் சேரட்டும்" என்பார். விமல்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அதைத்தானே பார்க்கிறான்? அப்பாவை யாரும் திட்டுவதில்லை. பாவம், இவனுக்கு மட்டும் திட்டு!

"டீச்சர், கையை விடுங்க. அவன் வேலை இன்னும் முடியல."

"என்னாது, வேலையா?"

பிரவீனா தம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "விமலு, வண்டி சுவத்தைத் தொடட்டும். அப்புறம் சாப்பிடலாமா?"

விமல்ராஜ் கத்துவதை நிறுத்தினான். அக்காவைச் சந்தேகத்தோடு பார்த்தான். பிறகு வண்டியைத் தள்ளினான். டொக்! வண்டி சுவரைத் தொட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு, தானாகவே நடந்து வந்து தட்டின் முன் உட்கார்ந்தான்.

"சோறு!" என்று அதட்டினான்.

டீச்சர் வாயைப் பிளந்தார். "அப்போ நான்தான் நடுவுல நடுவுல புடிச்சி இழுத்துக்கினு இருந்தேனா?"

"முன்னாடியே சொல்லிட்டா வந்துடுவான் டீச்சர்." பிரவீனா தயங்கினாள். "அம்மாவை வரச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? அவங்க நிம்மதியா வேலைக்குப் போவட்டும். இவனை நாளைக்கு நேரத்தோட அனுப்பி வை."

பிரவீனா சந்தோஷம் தாங்காமல் எகிறிக் குதித்தாள். எதற்கென்று தெரியாமலேயே, வாய் நிறையச் சோறும் முட்டையுமாக விமல்ராஜும் குதித்தான்.